பதினேழு சிவப்புக் கோடுகளும் ஒரு கிணறும்

இந்த வாரக் கடிதம் காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தமிழாசிரியை எழுதியது. ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடம் ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழ் நடத்தியவர். மாமியார் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே ஜூமில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வகுப்பு. நியூஜெர்சிப் பிள்ளைகளுக்கு அது வெள்ளி இரவு எட்டு மணி, கோடையில் கடிகாரத்தை மாற்றி வைத்துவிட்டால் ஒன்பது. மொத்தம் 18 பிள்ளைகள், 9 முதல் 12 வயது. வாரம் ஒரு தலைப்பில் பத்து வரி எழுதவேண்டும், அம்மாவோ அப்பாவோ அதைப் படம் எடுத்து கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு படத்திலும் போனிலேயே சிவப்பில் திருத்தி, பத்துக்கு மார்க் போட்டு, அடியில் ‘நன்று’, ‘கவனம் தேவை’, ‘இன்னும் முயற்சி செய்’ என்று ஏதாவது எழுதித் திருப்பி அனுப்புகிறார். நோட்டு ஒன்றுக்குக் கால் மணி நேரம், ஆக வாரத்துக்கு நாலரை மணி நேரம் இதிலேயே போகிறது. அடுத்த வாரம் அதே பிழை அதே மாதிரி வந்து நிற்கிறது.

போன மாதத் தலைப்பு ‘பாட்டி வீடு’. பத்து வயதுப் பையன் ஒருவன் எழுதியதில் 17 இடத்தில் திருத்தி, பத்துக்கு நான்கு போட்டு, ‘கவனம் தேவை’ என்று எழுதியிருக்கிறார். மற்றவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று, பெயரை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார். கையெழுத்தைப் பார்த்தே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்று வாரமாகப் பையன் கேமராவைத் திறப்பதில்லை. “தமிழ் கிளாஸே வேண்டாம்கிறான்” என்று அம்மா போன் செய்தார். வகுப்பை நடத்தும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரோ, “இனிமே நெகட்டிவா எதுவும் எழுதாதீங்க, ஸ்டார் மட்டும் போடுங்க” என்று சொல்லிவிட்டாராம்.

இனி அவர் கேட்கும் கேள்விகள். பிழையைக் கண்டும் காணாமல் விட்டு ஸ்டார் போடுவது பொய் இல்லையா? திருத்தாவிட்டால் நான் எதற்கு ஆசிரியர்? நேரம் மிச்சமாகட்டும் என்று ஏஐயிடம் நோட்டைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னேன், நன்றாகத்தான் எழுதுகிறது, அது தப்பா? அந்தப் பையனைக் கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

வணக்கம் டீச்சர்.

பதினெட்டு நோட்டையும் வாரா வாரம் வரி வரியாகப் பார்க்கிறவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவதில் பாதி உங்களுக்குக் கசக்கும். நானும் சிவப்பு ரீஃபிலை டஜன் கணக்கில் வாங்கித் தீர்த்தவன்தான். மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு வந்த பிறகுதான், அந்த மையில் எவ்வளவு வீணாகப் போனது என்று கணக்குப் பார்த்தேன்.

அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பையன் எழுதியதையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று. அதில் சில வரிகளை இங்கே போடுகிறேன், பேச்சு அதிலிருந்தே தொடங்கட்டும்.

“நான் பாட்டி வீட்டுக்கு போனேன். பாட்டி வீட்டுல ஒரு கிணறு இருக்கு. நான் கிணறுல கல் போட்டேன். சத்தம் ரொம்ப நேரம் களிச்சு வந்தது. பாட்டி சிரிச்சாள். எனக்கு பயம்மா இருந்தது ஆனா பிடிச்சது.”

டீச்சர், சிவப்பு மையை மறந்துவிட்டு ஒரே ஒரு தடவை இதைப் படியுங்கள். நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரு கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறான், கல்லைப் போட்டிருக்கிறான், சத்தம் வருவதற்குக் காத்திருந்திருக்கிறான். பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது என்று கடைசி வரியில் எழுதுகிறானே, பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு அப்படி ஒரு வரி எழுத வரும்? நீங்கள் எழுதிய பதினெட்டாவது குறிப்பு ‘கவனம் தேவை’. கவனம் இல்லாத பிள்ளைக்குக் கல் விழுந்த சத்தம் தாமதமாக வந்தது தெரிந்திருக்காது.

இங்கே நீங்கள் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதினேழும் பிழை, எல்லாம் ஒரே ஜாதிப் பிழை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அப்படி இல்லை, பிரித்துப் பார்ப்போம்.

எது பிழை, எது பிழையே இல்லை

‘வீட்டுல’, ‘இருக்கு’, ‘ஆனா’, ‘பிடிச்சது’. இதெல்லாம் அவன் வீட்டில் காதால் கேட்ட தமிழ். அவனிடம் இருக்கிற சொத்தே அதுதான். எழுத்துத் தமிழ் அவன் காதில் விழுவதே இல்லை, வாரத்துக்கு ஒருமுறை உங்கள் பாடநூலில் பார்ப்பதோடு சரி. சிங்கப்பூரில் 2005 வாக்கில் தமிழ்க் கல்வியை மறு ஆய்வு செய்தபோது, வகுப்பில் பேசுவதற்குப் பொதுவான பேச்சுத் தமிழையே பயன்படுத்தலாம் என்று முடிவெடுத்தார்கள். பிள்ளைகளின் வாயில் தமிழ் நிற்கவேண்டும் என்ற கவலைதான் காரணம். எழுதும்போது ‘வீட்டில்’ என்று எழுதப் பழக்குவது உங்கள் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிழை என்று சிவப்பில் அடிக்கும்போது, “உங்க அம்மா பேசுற தமிழ் தப்பு” என்றுதான் அவனுக்குக் கேட்கும். ‘பேசும்போது இப்படி, எழுதும்போது இப்படி’ என்று இரண்டு பத்தியில் ஓர் அட்டவணை போட்டு, வாரம் இரண்டு சொல் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அதில் அவன் தோற்பதற்கு ஒன்றுமில்லை.

‘களிச்சு’. ழகரப் பிழை. இதற்கு ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவன் அம்மா ‘ழ’வை ழ என்றுதான் சொல்கிறாரா? நம்மில் பாதிப் பேர் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் சொல்கிறோம். காதில் விழாத வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம் அந்தப் பிள்ளையை. இதற்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

‘வீட்டுக்கு போனேன்’, ‘எனக்கு பயம்மா’. ஒற்று. இதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றால் தமிழாசிரியர்கள் என்மேல் பாய்வார்கள். பாயட்டும். பி.ஏ. தமிழ் படித்தவர்களே தடுமாறுகிற இடத்தைப் பத்து வயதில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் முதல் வரியிலேயே பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

‘சிரிச்சாள்’. நீங்கள் ‘சிரித்தார்’ என்று மாற்றி, பக்கத்தில் ‘மரியாதை!’ என்று ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள். பையன் மரியாதை தெரியாமல் எழுதவில்லை டீச்சர். அவனுக்குத் தெரிந்த கதைகளில் பாட்டி வடை சுட்டாள். யாரும் ‘சுட்டார்’ என்று சொல்லவில்லை. நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் நமக்கே திருப்பிக் கொடுத்தான். “ஏன் இப்படி எழுதின?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

இனி ‘கிணறுல’. எனக்கு இந்த நோட்டிலேயே பிடித்த சொல் இதுதான். ‘வீடு’ என்பதை அவன் ‘வீடுல’ என்று எழுதவில்லை, ‘வீட்டுல’ என்று சரியாக எழுதியிருக்கிறான். அதே பையன் அடுத்த வரியில் ‘கிணறுல’ என்கிறான். ஏன்? வீட்டுல என்பது தினமும் காதில் விழுகிறது. கிணறு என்ற சொல்லை அவன் புத்தகத்தில் படித்திருப்பான். வருடத்துக்கு ஒருமுறை பாட்டி வீட்டுக்குப் போனால் தவிர ‘கிணத்துல’ என்று யார் சொல்லிக் கேட்கப்போகிறான்? அதனால் காதில் இருந்த ‘ல’வைப் புத்தகத்துச் சொல்லோடு ஒட்டவைத்துவிட்டான். இலக்கணத்தில் இதற்குச் சூத்திரமே இருக்கிறது, டகரமும் றகரமும் இரட்டிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவனுக்குச் சூத்திரம் வேண்டாம். அவனிடமே பாதி விதி இருக்கிறது, அதைக் காட்டினால் போதும்: “வீடுன்னா வீட்டுல. அப்போ கிணறுன்னா?” கிணறு வந்துவிட்டால் ஆறு, சோறு, வயிறு எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். 17 திருத்தத்தில் திருத்தவேண்டிய ஒன்று இது. மற்ற பதினாறும் சேர்ந்து இதை மூடிவிட்டன.

திருத்தாவிட்டால் நான் எதற்கு என்று கேட்டீர்களே, பதினேழில் எது அந்த ஒன்று என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நீங்கள். அதற்குப் பன்னிரண்டு வருட அனுபவம் வேண்டும். சிவப்புக் கோடு போட அது வேண்டியதில்லை.

நாலரை மணி நேரத்தை எப்படிக் குறைப்பது

உங்கள் குறிப்பை யார் படிக்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? படம் எடுத்து அனுப்பியது அம்மா. திரும்பி வருகிற சிவப்புப் பக்கத்தைப் பார்ப்பதும் அம்மாதான். ‘இன்னும் முயற்சி செய்’ என்ற வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கவே சில பிள்ளைகளுக்கு அரை நிமிடம் ஆகும், படித்தாலும் எதில் முயற்சி செய்வது என்று அதில் இல்லை. ஆக உங்கள் உழைப்பு அமெரிக்கா வரை போய், சமையலறையில் அம்மாவின் போனோடு நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் அம்மாவே உட்கார்ந்து எழுதவைத்து, ஒற்றெல்லாம் சரியாக விழுந்த பத்து வரியை அனுப்புவார், நீங்களும் ‘நன்று’ போடுவீர்கள். அது அம்மாவின் தமிழ். இரண்டு மூன்று நோட்டில் திடீரென்று பிழையே இல்லாமல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

அதனால் எழுதாதீர்கள், பேசுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு. நோட்டைப் படிக்க மூன்று நிமிடம், பேச ஒரு நிமிடம் என்று வைத்தால் பதினெட்டு பேருக்கும் 72 நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் மூன்றே விஷயம்: நீ எழுதியதில் எனக்கு என்ன தெரிந்தது, எந்த ஒரு சொல்லைப் பார்க்கவேண்டும், அதை வைத்து நாளைக்கு என்ன செய்யப்போகிறாய். அந்தப் பையனுக்கு நானாக இருந்தால் இப்படிப் பேசியிருப்பேன்:

“தம்பி, உன் கிணறு கதையைப் படிச்சேன். கல்லு போட்டதும் சத்தம் லேட்டா வந்துச்சுன்னு எழுதியிருக்க பாரு, அந்த இடத்துல எனக்கே எட்டிப் பாக்கணும் போல இருந்துச்சு. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வீடுங்கறத ‘வீட்டுல’ன்னு கரெக்டா எழுதிட்ட. அப்போ கிணறுன்னா என்ன வரும்? யோசிச்சு வை, கிளாஸ்ல கேப்பேன். அப்புறம், கல்லு விழுந்தப்ப என்ன மாதிரி சத்தம் வந்துச்சு? அதையும் ஒரு வரி சேத்து எழுதிட்டு வா.”

அவ்வளவுதான். பேச்சுத் தமிழில்தான் பேசினேன், கவனித்தீர்களா? அவனுக்குப் புரியவேண்டும், அம்மா மொழிபெயர்த்துச் சொல்லும்படி இருக்கக் கூடாது.

இதைவிட முக்கியமானது அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடம். புதுப் பாடத்தைத் தொடங்காதீர்கள். எல்லோரும் போன வார நோட்டைத் திறந்து, குரல் பதிவில் சொன்ன அந்த ஒன்றை மட்டும் மாற்றி எழுதட்டும், எழுதியதைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டட்டும், கேமரா பிடிக்காதவர்கள் சாட்டில் தட்டட்டும். இப்போது உங்கள் திருத்தத்துக்கு என்ன நடக்கிறது? சனிக்கிழமை அவர்கள் கைக்குப் போகிறது, அதற்குள் உங்கள் அடுத்த தலைப்பு வந்துவிடுகிறது, பழைய நோட்டை யார் திறப்பார்கள்? அதே பிழை அதே இடத்தில் நிற்கிறது என்றால், அதைக் கையால் மாற்றி எழுதுவதற்கு ஒரு நேரத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் போனால் பாடம் முடியாதே என்பீர்கள். பாடம் கொஞ்சம் பின்தங்கும், ஆமாம். அதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜூமில் வாயால் திருத்துவது

இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “தப்பாச் சொன்னா உடனே சரியாச் சொல்லிக் காட்டிடுவேன்.” நாம் எல்லோரும் செய்வதுதான். பிள்ளை “நான் தோசை சாப்பிட்டான்” என்றதும் நாம் “சாப்பிட்டேன்” என்போம், பிள்ளை “ஓகே டீச்சர்” என்று மைக்கை அணைத்துவிடும்.

ராய் லிஸ்டர், லைலா ரந்தா என்று இரண்டு பேர், மான்ட்ரியால் பக்கம் பிரெஞ்சு வழியில் படிக்கும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் தொடக்க வகுப்புகளைப் பதிவு செய்து 1997-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் திருத்தியதில் 55 சதவீதம் இந்த மாதிரி, சரியான வடிவத்தைத் தாங்களே சொல்லிக் காட்டுவது. அதற்குப் பிள்ளைகள் ஏதாவது ஒரு வகையில் எதிர்வினை காட்டியது 31 சதவீதத்தில்தான். மற்ற நேரமெல்லாம் அது திருத்தம் என்றே பிள்ளைகள் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அதே வகுப்புகளில் ஆசிரியர் விடையைச் சொல்லாமல் “நான் தோசை...?” என்கிற மாதிரி நிறுத்திப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைத்தபோது, சரியோ தப்போ, ஒவ்வொரு முறையும் பிள்ளை ஏதோ சொன்னது. நேர் வகுப்பிலேயே இந்தக் கதை என்றால், மைக்கைத் திறக்கவே இரண்டு விநாடி ஆகிற ஜூமில் கேட்கவே வேண்டாம். நிறுத்துங்கள், காத்திருங்கள். ஜூமில் நாலு விநாடி மௌனம் நாலு நிமிடம் மாதிரி இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகவேண்டியது நாம்தான். கூச்சப்படுகிற பிள்ளை என்றால் அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சாட்டில் ‘சாப்பிட்___?’ என்று அனுப்புங்கள். நேர் வகுப்பில் இல்லாத வசதி அது, பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாமலே திருத்திவிடலாம்.

மார்க்கும் ஸ்டாரும்

ஸ்டார் போடுவது பொய்யா என்று கேட்டீர்கள். எதற்காக என்று சொல்லாமல் போடுகிற ஸ்டார் பொய்கூட இல்லை, அதில் செய்தியே இல்லை. எல்லோருக்கும் ஸ்டார் என்றால் பிள்ளைகள் இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அதனால் ஒருங்கிணைப்பாளர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒருவர் செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன ஆகிறது என்று அதுவரை வந்திருந்த ஆய்வுகளின் 600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 1996-இல் வெளியிட்டார்கள். கருத்துச் சொல்வது சராசரியில் பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சொல்லாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிற அளவுக்குச் செயல்திறன் இறங்கியிருந்தது. பார்வை செய்கிற வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன்மேல் போகும்போதுதான் பெரும்பாலும் சறுக்குகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ‘கவனம் தேவை’ என்பது பையனைப் பற்றிய வாக்கியம். ‘கிணறு என்ன ஆகும்?’ என்பது கிணற்றைப் பற்றியது.

மார்க் விஷயத்தில் இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் பட்லர் 1988-இல் செய்த சோதனையை ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி சொல்வோம். பிள்ளைகளில் ஒரு கூட்டத்துக்குக் கருத்து மட்டும், ஒரு கூட்டத்துக்கு மார்க் மட்டும், இன்னொரு கூட்டத்துக்கு இரண்டும். ஆர்வமும் முன்னேற்றமும் தெரிந்தது கருத்து மட்டும் பெற்றவர்களிடம். இரண்டையும் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்கள் மாதிரியே ஆகிவிட்டார்கள். நம் ஊர் ஆட்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. விடைத்தாள் கொடுத்த அன்றைக்கு மார்க்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனின் மார்க்கையும் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்தவர்கள்தானே நாம்.

வாராவாரம் மார்க் வேண்டும் என்று உங்கள் அமைப்பு பிடிவாதமாக இருந்தால் சண்டை போடவேண்டாம், வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிற இடத்தில் அது உங்களுக்குத்தான் ஆபத்து. முதல் தடவை எழுதியதற்குக் குரல் பதிவு மட்டும், வகுப்பில் மாற்றி எழுதிய பிறகு அதற்கு மார்க், என்று வரிசையை மட்டும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். மார்க்கும் போய்ச் சேரும், அதற்கு முன்னால் ஒரு வேலையும் நடந்திருக்கும். ஒரு மாதம் செய்து பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் பழையபடியே போகலாம் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ஏஐயும் வாட்ஸ்அப் குழுவும்

ஏஐ எழுதிக் கொடுத்ததையும் அனுப்பியிருந்தீர்கள். அழகான தமிழ். ‘தங்கள் படைப்பில் உணர்வுகளின் வெளிப்பாடு சிறப்பாக அமைந்துள்ளது’. பத்து வயதுப் பையனைத் ‘தங்கள்’ என்கிறது! அவனால் அதைப் படிக்கவே முடியாது என்பது ஒரு பக்கம். பத்து வரியையும் செந்தமிழாக்கி, ‘அச்சமாக இருந்தபோதிலும் மகிழ்ச்சியளித்தது’ என்று கடைசி வரியையும் மாற்றிவைத்திருக்கிறது. பயமும் பிடித்ததும் போய்விட்டது. கருத்துச் சொல்ல அதைப் பயன்படுத்தவேண்டாம் என்பதுதான் என் யோசனை. பயிற்சி தயாரிக்கக் கேளுங்கள், கிணறு மாதிரி மாறுகிற சொற்கள் பத்து கொடு என்று. வந்ததை நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நண்டு, கன்று என்று இந்த வழிக்கு வராத சொற்களையும் இடையில் சேர்த்துவிடலாம். அப்புறம், நோட்டின் படத்தைப் பெயரோடு அப்படியே ஏற்றாதீர்கள்.

இது வெறும் நாகரிகம் மட்டும் இல்லை. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனாலும் இவ்வளவு தெரியும்: இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகள் என்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் தகவல் வாங்கும் வணிக இணையச் சேவைகளுக்கு 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வகுப்புப் பதிவு, நோட்டுப் படம், குரல் பதிவு எதை எங்கே வைக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று பெற்றோரிடம் ஒருமுறை எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைக்கும்படி அமைப்பிடம் சொல்லுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு, நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.

குழுவில் போட்டதைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரிந்துவிட்டது. பொதுவான பிழையைக் காட்டவேண்டுமென்றால் நீங்களே சொந்தமாக நாலு வரி எழுதி, அதில் பிழையைப் புதைத்து, “டீச்சர் தப்பா எழுதிட்டேன், கண்டுபிடிங்க” என்று போடுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது.

அந்தப் பையன்

கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கேமரா அணைந்திருந்தால் ஆர்வம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ஆர்வம் இல்லாதவன் வகுப்புக்கே வரமாட்டான். அவன் மூன்று வாரமும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான், இரவு எட்டு மணிக்கு, பள்ளி விட்டு வந்த அலுப்போடு.

முதலில் குழுவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிப்பதற்கு நேரக் கெடு உண்டு, உங்களால் முடியாவிட்டால் குழு நிர்வாகியால் முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் அம்மாவுக்கு ஒரு போன். “நான் செஞ்சது சரியில்ல, தம்பி எழுதினதை எல்லாரும் பாக்குற மாதிரி போட்டிருக்கக் கூடாது” என்று மட்டும் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தேன் என்ற விளக்கத்தைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் அது மன்னிப்பாக இருக்காது. பையனிடம் நேரடியாகப் பேச அவர் சம்மதித்தால், அவனுக்கும் அதையே இரண்டு வரியில். பத்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. எனக்கும் இருந்தது. எனக்கு அப்படி எதுவும் போகவில்லை.

உடனே திரும்பி வருவான் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. இரண்டு மாதம் ஆகலாம். இந்த வகுப்பை விட்டு வேறு வகுப்புக்குப் போனாலும் போகலாம், அது அவர்கள் உரிமை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்தான் என்றால் கிணற்றைப் பற்றியே கேளுங்கள், இலக்கணத்துக்கு முன்னால். எவ்வளவு ஆழம், தண்ணீர் தெரிந்ததா, பாட்டி எதற்காகச் சிரித்தார் என்று. அந்தப் பக்கத்தை முழுவதும் படித்துவிட்டும் எனக்கு இன்னும் தெரியாதது அதுதான்.